மலையக வீடுகளில் மடிக்கணினியின் ஒலி: எதைத் திருத்துவது, எதை வாங்குவது

மடிக்கணினியில் சத்தம் சரியில்லை என்று நால்வர் சொன்னால், அவர்கள் பெரும்பாலும் நான்கு வேறு குறைகளைச் சொல்கிறார்கள். ஒருவருக்குச் சத்தம் போதவில்லை. மற்றவருக்குச் சத்தம் போதும், ஆனால் ஆசிரியர் பேசுவது விளங்கவில்லை. மூன்றாமவருக்குச் சத்தத்தைக் கூட்டியதும் கரகரக்கிறது. நான்காமவர் கோயில் திருவிழாவில் எடுத்த பதிவைப் போட்டால் உறுமியின் முழக்கமே வெளியே வருவதில்லை என்கிறார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர் தமக்குத் தேவையில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

நம் முன் இருக்கும் வழிகள் ஆறு. கணினியின் அமைப்புகளைத் திருத்துவது, கணினியை வைக்கும் இடத்தை மாற்றித் துப்புரவு செய்வது, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரையே மாற்றுவது, கம்பி ஹெட்போன் வாங்குவது, மேசையில் வைக்கும் கம்பி ஸ்பீக்கர் வாங்குவது, புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவது என்பன அவை. முதல் இரண்டுக்கும் பணச் செலவில்லை என்பதால் அவற்றை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் குறை தீராவிட்டால், படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்போனையே முதலில் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொழும்பிலோ வேறு சமதரை நகரிலோ வாழும் ஒருவருக்கு இதே அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். நம் இலங்கை மலையகத்தின் மழையும் தகரக் கூரையும், தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயத்து வீடுகளின் அமைப்பும் கணக்கை மாற்றிவிடுகின்றன.

இயல்பான எல்லை எது, பழுது எது

மடிக்கணினியின் உடல் மெலிய மெலிய அதன் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் இடமும் சுருங்கிவிட்டது. சாதாரண மடிக்கணினி ஒன்றில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வாட் வலுவோடு இருக்கும். தாழ்ந்த சுருதி ஒலிகளை எழுப்புவதற்கு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். விரல் அகலச் சவ்வால் அது முடியாது. ஆகவே ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வுகளுக்கு) கீழே உள்ள ஒலிகள் இவற்றில் மிகவும் மெலிந்தே வரும். உறுமியின் முழக்கமும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலியும் அந்த எல்லைக்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கின்றன. இது பழுது அல்ல. எந்த மென்பொருளும் எந்தத் திருத்துநரும் இதைச் சரிசெய்ய முடியாது. வெளியே ஒரு பெட்டி ஸ்பீக்கர் வைத்தாலோ நல்ல ஹெட்போன் அணிந்தாலோதான் உறுமி கேட்கும்.

பேச்சு அப்படியல்ல. ஆணின் குரலின் அடிப்படைச் சுருதி 85 முதல் 155 ஹேர்ட்ஸ் வரையிலும் பெண்ணின் குரலில் அது 165 முதல் 255 ஹேர்ட்ஸ் வரையிலும் இருந்தாலும், சொல் விளங்குவதற்கு அந்தத் தாழ்ந்த பகுதி தேவைப்படுவதில்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது, ஆயினும் நாம் தலைமுறை தலைமுறையாக அதில் பேசிப் புரிந்துகொண்டோம். பாடம், பாதம், பாகம் என்ற மூன்றையும் காது பிரித்தறிவது நடுவில் வரும் மெய்யின் மெல்லிய சாயலால்தான். அந்தச் சாயல் 1 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே 4 கிலோஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் பெரிதும் தங்கியிருக்கிறது. அந்தப் பகுதியை மிகச் சிறிய ஸ்பீக்கரும் நன்றாகவே எழுப்பும். எனவே ஆசிரியரின் பேச்சு விளங்கவில்லை என்றால் அது தீர்க்கக்கூடிய குறை.

மழை நாளில் விளங்காமல் போவது ஏன் என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். மலையகத்தின் மேற்குச் சரிவில், ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை விடாது பெய்யும். பதுளைப் பக்கத்துக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ் பருவப்பெயர்ச்சி மழை முக்கியமானது. தகரத்தின் மீது விழும் மழையின் இரைச்சல் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை எல்லாவற்றையும் ஒருசேர மூடுகிறது, மெய்யெழுத்துகளின் சாயல் இருக்கும் பகுதியையும் சேர்த்துத்தான். கூரை முழுவதிலிருந்தும் வருவதால், அறையில் எங்கே உட்கார்ந்தாலும் அதன் அளவு குறைவதில்லை. ஸ்பீக்கரின் ஒலியோ தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபெல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) குறைகிறது. 60 சென்டிமீற்றர் தூரத்தில் இருந்து கேட்டவர் 2.4 மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் 12 டெசிபெல் குறைவாகக் கேட்கும். மூடிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். அந்த 12 டெசிபெலை வலுவால் ஈடுசெய்ய வேண்டுமானால் 16 மடங்கு வாட் வேண்டும், அதாவது 2 வாட்டுக்குப் பதிலாக 32 வாட். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட உட்கார்ந்தால் அதே பயன் செலவில்லாமல் கிடைக்கிறது. கிட்ட வருவதன் கடைசிப் படிதான் ஹெட்போன்.

செலவில்லாத வழிகள்

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியோடு வந்த ஒரு சாதாரண இயர்போனை மடிக்கணினியில் செருகி, ஏற்கெனவே கணினியில் சேமித்து வைத்திருக்கும் நல்ல பதிவு ஒன்றைக் கேளுங்கள். இணையத்திலிருந்து நேரடியாகக் கேட்டுச் சோதிக்கக் கூடாது. மலை மடிப்புகளுக்குள் இருக்கும் தோட்டங்களில் சிக்னல் மெலிவதால் குரல் விட்டுவிட்டு வருவதும் இயந்திரம் பேசுவதுபோல் ஆவதும் சாதாரணம், அது ஸ்பீக்கரின் குற்றம் அல்ல. அப்படிப்பட்ட நேரத்தில் வகுப்பில் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சேமித்த பதிவு இயர்போனிலும் கரகரத்தால், குறை மென்பொருளிலோ கணினியின் ஒலிச் சுற்றிலோ இருக்கிறது. இயர்போனில் தெளிவாகவும் ஸ்பீக்கரில் மட்டும் மோசமாகவும் இருந்தால் ஸ்பீக்கர்மீது சந்தேகம் விழுகிறது. ஆனாலும் அதற்குள் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது, ஏனெனில் விண்டோஸ் ஸ்பீக்கருக்கும் இயர்போனுக்கும் ஒலி அமைப்புகளைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஸ்பீக்கருக்கான அமைப்பு மட்டும் குழம்பியிருக்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால், உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கி, அதே பதிவை ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்கலாம். அங்கும் கரகரத்தால் குறை பெரும்பாலும் வன்பொருளில், அங்கே சரியாக இருந்தால் குறை விண்டோஸில்.

விண்டோஸில் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட் என்ற பகுதிக்குப் போய், ஸ்பீக்கரைத் தெரிவுசெய்து, ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை அணைத்துப் பாருங்கள். சில கணினிகளில் இதை அணைத்ததும் ஒலி தெளிகிறது, வேறு சிலவற்றில் ஒலி இன்னும் மெலிகிறது. ஆகவே இரண்டு நிலையிலும் ஒரே பதிவைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். பழைய சவுண்ட் கட்டுப்பாட்டுப் பலகத்தில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கமும் உண்டு. அழைப்பு ஒன்று நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு அங்கேதான் இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் அனுப்பிய காணொளி மட்டும் கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், "டூ நத்திங்" என்று மாற்றிவிட்டால் போதும்.

நம் ஊர்களில் அடிக்கடி காணும் இன்னொரு காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாவித்த மடிக்கணினிகளை வாங்குவது இங்கே பரவலான வழக்கம், வாங்கியதும் கடையில் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பார்கள். தயாரிப்பு நிறுவனங்கள் தம் கணினியின் சிறிய ஸ்பீக்கருக்கு ஏற்ப ஒலியைச் சீர்செய்து, அந்தச் சீரமைப்பைத் கருவியை இயக்கும் மென்பொருளான தம் சொந்த டிரைவரோடும் டொல்பி போன்ற மென்பொருளோடும் சேர்த்து வைத்திருப்பதுண்டு. புதிதாக ஏற்றப்பட்ட விண்டோஸ் பொதுவான ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். சத்தம் வரும், ஆனால் தகரப் பேணிக்குள் பேசுவதுபோல் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியின் பெயர் வெறுமனே "ஹை டெபினிஷன் ஓடியோ டிவைஸ்" என்று இருந்தால் பொதுவான டிரைவர்தான் ஓடுகிறது என்று பொருள். கணினியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து அந்த மாதிரிக்கு உரிய ஒலி டிரைவரை இறக்கிப் போட வேண்டும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய எத்தனையோ கணினிகள் இந்த ஒரு வேலையோடு குணமாகிவிடக்கூடியவை.

அதற்கும் மேலே தெளிவு வேண்டுவோர் சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரைப் பயன்படுத்தலாம். ஈக்குவலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருள் கணினியின் ஒலி முழுவதையும் சீரமைக்கும். ஆனால் ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை முற்றாக அணைத்திருந்தால் அது இயங்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பேச்சு விளங்குவதற்கான அமைப்பு எளிமையானது. 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நன்றாகக் குறையுங்கள், 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரையிலான பகுதியை 3 அல்லது 4 டெசிபெல் உயர்த்துங்கள், உயர்த்திய அளவுக்கு மொத்த அளவை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். கடைசிப் படியை விட்டுவிட்டால் ஒலி உச்சத்தில் முட்டி உடையும். தாழ்ந்த சுருதியைக் குறைப்பது ஒலியைக் கெடுக்கும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். எழுப்ப முடியாத ஒலிக்காகச் சவ்வு வீணாக ஆடுவது நின்றுவிடுவதால், எழுப்பக்கூடிய ஒலி முன்னைவிடத் தெளிவாக வருகிறது. வி.எல்.சி. பிளேயரில் சத்தத்தை 100 சதவீதத்துக்கு மேலே ஏற்றலாம் என்பதை அறிந்தவர்கள் அதையே நாடுகிறார்கள். மெதுவாகப் பதிவான பேச்சுக்கு அது உதவும், ஏற்கெனவே உரத்த பதிவுக்கு அது கரகரப்பைத்தான் கொடுக்கும்.

இனி வைக்கும் இடம். பல மடிக்கணினிகளின் ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில், கீழ்நோக்கித் திறந்திருக்கிறது. நுவரெலியா போல் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரில் இரவுக் குளிருக்குக் கட்டிலில் ஏறி, கம்பளியின் மேல் கணினியை வைத்துக்கொள்வது இயற்கை. கம்பளி அந்தத் துளைகளை அடைத்து, முக்கியமான உயர் சுருதியை விழுங்கிவிடுகிறது. கூடவே காற்றுப் போகும் வழியும் அடைபட்டுக் கணினி சூடாகிறது. ஒரு பலகையை மடியில் வைத்து அதன்மேல் கணினியை வைத்தாலே வித்தியாசம் உடனே தெரியும். விறகு அடுப்பு எரியும் வீடுகளில் புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து துளைகளில் ஒட்டிப் படிகிறது. கணினியை அணைத்துத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சரித்துப் பிடித்து, பிள்ளைகள் சித்திரம் வரையும் மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டித் தட்டித் துடைத்தால் கறுத்த பொடி உதிர்வது கண்ணுக்கே தெரியும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். தின்னர், மண்ணெண்ணெய் எதையும் பயன்படுத்தக் கூடாது.

உள் ஸ்பீக்கரை மாற்றுவது

இந்த வழியைப் பற்றி நான் பெரிதாகப் பரிந்துரைக்க எதுவுமில்லை. மாற்றிய பிறகு உங்களுக்குக் கிடைக்கப்போவது, கணினி புதிதாக வந்த நாளில் இருந்த அதே மெலிந்த ஒலி. ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருந்தால் மட்டுமே அது பயனுள்ள செலவு. கிழிந்ததை அறிவது கடினமல்ல. குறிப்பிட்ட சில சுருதிகளில் மட்டும், குறைந்த சத்தத்திலும்கூட, காகிதம் படபடப்பதுபோல் ஒலிக்கும். அப்படி ஒலிக்கும்போது ஸ்பீக்கருக்கு மேலே உள்ள உடற்பகுதியை விரலால் மெல்ல அழுத்துங்கள். படபடப்பு நின்றால் கிழிந்தது சவ்வல்ல, ஆணியோ தகடோ தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். அழுத்தியும் நிற்காவிட்டால் சவ்வுதான். கை வைக்கும் பகுதியோ டச்பேடோ மேலெழுந்து வீங்கினாற்போல் தெரிந்தால் அழுத்திப் பார்க்கவே கூடாது. உள்ளே பட்டரி வீங்கியிருக்கலாம், அது தீப்பிடிக்கக்கூடியது. உடனே சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, திருத்துநரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் கிழிந்திருந்தால் பணம் செலவழிக்காத வழி ஒன்று உண்டு. சவுண்ட் அமைப்பில் இடம் வலம் என்ற சமநிலையில் கெட்ட பக்கத்தைப் பூச்சியமாக்கி, மோனோ ஓடியோ என்பதை இயக்கிவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் நல்ல ஸ்பீக்கரிலேயே சேர்ந்து வரும். பேச்சுக்கு இது தாராளமாகப் போதும். மாற்றியே தீர வேண்டும் என்றால் மாதிரி எண்ணுக்குப் பொருந்தும் சோடியையே கேட்க வேண்டும். ஹட்டனில் கிடைக்காவிட்டால் கண்டியிலோ கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸா போன்ற கணினிக் கடைத் தொகுதிகளிலோ விசாரிக்கலாம், ஆனால் அதற்காகப் போய்வரும் ஒரு நாளையும் பஸ் செலவையும் ஸ்பீக்கரின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தொகைக்கு ஒரு வெளி ஸ்பீக்கரே வாங்கிவிடலாம் என்று பெரும்பாலும் தெரியவரும்.

ஹெட்போன்

லயத்து வீடுகளில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், பல இடங்களில் அந்தச் சுவர் கூரையைத் தொடுவதுமில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நம் பிள்ளையின் பாடத்தில் கலக்கிறது, நம் பிள்ளையின் பாடம் விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போக வேண்டியவரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஸ்பீக்கரின் வாட்டைக் கூட்டுவதால் இந்த இரண்டில் முதலாவது ஓரளவு தீரும், இரண்டாவது மோசமாகும். ஹெட்போன் இரண்டையும் ஒருமிக்கத் தீர்க்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அமைதியாக உட்கார முடிகிறது என்ற வீட்டில், இதைவிடப் பெரிய நியாயம் வேறு வேண்டியதில்லை.

எல்லா ஹெட்போனும் இதற்கு ஏற்றதல்ல. காதை முழுவதுமாகச் சூழ்ந்து மூடும், பின்புறம் அடைபட்ட வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மழை இரைச்சலின் உயர் சுருதிப் பகுதியை நன்றாகத் தடுக்கும், சொல் விளங்க வேண்டியதும் அந்தப் பகுதியில்தானே. காதின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் மெல்லிய வகை மழையை அப்படியே உள்ளே விடும், பிள்ளை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இதில் கவனம் வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதானால் 80 டெசிபெலுக்கு மேலே போகக் கூடாது, பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நன்றாக மூடும் ஹெட்போனை அணிந்தவர் மழைக்குள்ளும் குறைந்த சத்தத்தில் கேட்க முடிகிறது என்பதால், மூடும் தன்மையைக் காதின் பாதுகாப்பாகவே கருத வேண்டும்.

கம்பியா புளூடூத்தா என்ற கேள்வியில் படிப்புக்குக் கம்பியே மேல் என்பேன். சார்ஜ் தீர்வதில்லை, விலையும் குறைவு. அதைவிட முக்கியமான காரணம் பலருக்கும் தெரியாத ஒன்று. பரவலாக உள்ள புளூடூத் ஹெட்போனின் மைக்கை வகுப்பு மென்பொருள் எடுத்துக்கொண்டதும், இணைப்பு தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் ஒலி நொடிக்கு 8000 அல்லது 16000 மாதிரிகளாக, ஒற்றை ஓடையாகச் சுருங்குகிறது. பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருந்த ஹெட்போன் வகுப்பில் மட்டும் மட்டமாக ஒலிப்பது இதனால்தான். ஏற்கெனவே புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் வகுப்பு மென்பொருளின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தெரிவுசெய்துவிட்டால் ஒலி பழையபடி சீராகும்.

வாங்கும்போது செருகியைப் பார்க்க வேண்டும். மைக்கும் உள்ள ஹெட்போனின் செருகியில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். பழைய மடிக்கணினிகளில் மைக்குக்கும் ஒலிக்கும் தனித்தனித் துளை இருந்தால், பிரித்துக் கொடுக்கும் சிறிய இணைப்புக் கம்பி ஒன்றும் வேண்டும்.

கம்பி ஸ்பீக்கரும் புளூடூத் ஸ்பீக்கரும்

வீட்டார் கூடியிருந்து கேட்பதற்கு ஹெட்போன் உதவாது. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து பேச வேண்டும், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வேண்டும் என்றால் வெளி ஸ்பீக்கர் வேண்டும். இங்கே கடைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது. பி.எம்.பி.ஓ. என்று போட்டு நூற்றுக்கணக்கான வாட் எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை, தொடர்ந்து தரக்கூடிய வலுவைக் காட்டும் ஆர்.எம்.எஸ். என்று குறித்த வாட்டையே பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. துளையிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கரின் எல்லையை நாமே கணக்கிடலாம். யு.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர் தருகிறது, அது 2.5 வாட். 3.0 துளை 900 மில்லி அம்பியர், 4.5 வாட். அந்தத் துளையிலிருந்து 10 வாட்டைத் தொடர்ந்து எடுக்க எந்த ஸ்பீக்கராலும் முடியாது. ஆயினும் இந்தச் சிறிய சோடிகளை நான் மதிக்கிறேன். வாட் ஏறத்தாழ உள் ஸ்பீக்கரின் அளவே என்றாலும், சவ்வு பெரிது, பின்னால் பெட்டி இருக்கிறது, கேட்பவரின் முகத்தை நோக்கித் திரும்பி நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வாட்டால் வராத நிறைவைக் கொடுக்கின்றன.

இவற்றில் இரு வகை உண்டு. ஒன்று மின்சாரத்தை மட்டும் யு.எஸ்.பி.யில் எடுத்து, ஒலியை 3.5 மில்லிமீற்றர் துளையில் எடுக்கும். மற்றது ஒலியையும் யு.எஸ்.பி.யிலேயே எடுக்கும். கணினியின் ஒலிச் சுற்றே கெட்டுப்போனவர்களுக்கு இரண்டாவது வகையே மருந்து, ஏனெனில் அது கணினியின் சுற்றைத் தொடாமல் தன் சொந்தச் சுற்றால் ஒலியை உண்டாக்குகிறது.

சுவர் மின்சாரத்தில் ஓடும் பெரிய ஸ்பீக்கரும், தாழ்ந்த சுருதிக்கென்றே உள்ள சப்வூபரும் உறுமியைக் கேட்க விரும்புவோருக்கு உரியவை. தனி வீடாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். லயத்தில் தாழ்ந்த சுருதி சுவரையும் தரையையும் பிடித்துக்கொண்டு நாலு காம்பரா தள்ளிப் போகும். மின்சார ஸ்பீக்கரை இணைத்ததும் ஓயாத ஒரு "ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் நில இணைப்புச் சிக்கல். இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் செருகினால் பல வேளை குறையும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை இறங்கும் காலத்தில், வானம் இருண்டதும் ஸ்பீக்கரையும் சார்ஜரையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

புளூடூத் ஸ்பீக்கரின் பலம் அதன் சொந்தப் பட்டரி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே எவரும் மறக்கவில்லை, இன்றும் மழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர நேரம் எடுக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. யு.எஸ்.பி. ஸ்பீக்கரும் கரண்ட் இல்லாமல் ஓடும், ஆனால் கணினியின் பட்டரியைத் தின்னும். 10 வாட் அளவில் செலவழிக்கும் ஒரு கணினியின் 40 வாட்-மணிப் பட்டரி நான்கு மணித்தியாலம் நிற்கும் என்றால், முழுச் சத்தத்தில் 2.5 வாட் எடுக்கும் ஸ்பீக்கரோடு அது மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேலே நிற்கும். புளூடூத் ஸ்பீக்கர் இந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. கைப்பேசியோடும் இணையும், அடுப்படிக்கும் எடுத்துப் போகலாம். குறை என்னவென்றால் ஒலி சற்றுப் பிந்தி வருவதும், சில வருடத்தில் பட்டரி தளர்ந்ததும் பொருளே பயனற்றுப் போவதும்தான். 3.5 மில்லிமீற்றர் துளையும் உள்ள புளூடூத் ஸ்பீக்கரைத் தேடி வாங்கினால் கம்பியாலும் இணைக்கலாம், அழைப்புமுறைக் குறையும் எழாது.

எதை வாங்கினாலும் கடைக்கு உங்கள் மடிக்கணினியையே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்காமல், உங்கள் ஆசிரியரின் வகுப்புப் பதிவு ஒன்றைப் போட்டு, முக்கால் அளவுச் சத்தத்தில், இரண்டு மீற்றர் தள்ளி நின்று ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா என்று கேளுங்கள்.

முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மடிக்கணினி

தோட்டத்துச் சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ மாலை வகுப்பு நடத்தி, பதிவு செய்த பாடத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுபவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. உயர்ந்த தகரக் கூரையின் கீழ் கடைசி வரிசைக்கு விளங்க வேண்டுமானால் உண்மையான பெருக்கி வேண்டும், அது பல இடங்களில் ஏற்கெனவே திருவிழாவுக்கென்று வாங்கிய மைக் செட்டாகக் கோயிலிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கலாம். மடிக்கணினியின் 3.5 மில்லிமீற்றர் துளையிலிருந்து ஆர்.சி.ஏ. முனைகளுக்குப் போகும் ஒரு கம்பியால் பெருக்கியில் வெளிக் கருவிகளின் ஒலியை ஏற்கும் ஓக்ஸ் துளைக்கு இணைக்க வேண்டும். மைக் துளையில் செருகினால் ஒலி உடையும். குழாய் ஸ்பீக்கர் பேச்சை மிகத் தெளிவாக எடுத்துச் செல்லும், ஆனால் மூடிய மண்டபத்தில் காதைக் குடையும். பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் அதையே தெரிவுசெய்து, தரையில் வைக்காமல் மேசைமேல், பிள்ளைகளின் தலை உயரத்துக்குச் சற்று மேலே, முன் மூலையிலிருந்து வகுப்பை நோக்கி வைக்க வேண்டும். பெருக்கியின் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, கணினியின் சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றி, அதன் பிறகு பெருக்கியை மெல்லத் திறந்து, கடைசி வரிசைப் பிள்ளை கை காட்டும் இடத்தில் நிறுத்துங்கள்.